எஃப்டி8: ஆன்டெனா கட்டுவதிலிருந்து முதல் தொடர்பு வரை, புதுச்சேரி–கடலூர் ஹாம்களுக்கு

ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்வதில்) டிஜிட்டல் முறைக்கு வருகிற புதியவர்கள் பலர் முதலில் தொடுவது டிரான்ஸ்மிட் பொத்தானைத்தான். பதில் வராது. கடிகாரம் தவறா, ஒலி அளவு தவறா, ஆன்டெனா தவறா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படி சரியானது என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

எஃப்டி8 என்பது சிறு செய்திகளை ஒலியாக மாற்றி ரேடியோவில் அனுப்பி, மறுமுனையில் கணினியால் பிரித்துப் படிக்கும் டிஜிட்டல் முறை. அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காதுக்கே எட்டாத பலவீனமான சிக்னலையும் கணினி பிரித்தெடுத்துவிடும். மொட்டை மாடியில் கட்டிய ஒரு கம்பியும் சில வாட் திறனும் இருந்தாலே கண்டம் தாண்டலாம். இதற்காக அமைக்கும் ஒலி இணைப்பு, பின்னால் வேறு எந்த டிஜிட்டல் முறைக்குப் போனாலும் அப்படியே உதவும்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

முதலில் உரிமம். ஏஎஸ்ஓசி எனும் ஹாம் சான்றிதழ்த் தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் கால்சைன் (உங்கள் நிலையத்தின் அடையாளக் குறி) கையில் வரும் வரை டிரான்ஸ்மிட் கிடையாது. உரிமத்தோடு வரும் விதிகளில் உங்கள் நிலைக்கு எந்த பேண்ட் (அலைவரிசைப் பகுதி), எத்தனை வாட், எந்த வகை எமிஷன் (அனுப்பும் முறை) என்று பட்டியல் இருக்கும். நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அந்தப் பட்டியலை நீங்களே படித்துவிடுங்கள்.

உரிமத்துக்காகக் காத்திருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டாம். இணையம் வழியாகக் கேட்கக்கூடிய கிவிஎஸ்டிஆர் ரிசீவர்கள் உலகமெங்கும் இருக்கின்றன. பிரவுசரிலேயே எஃப்டி8 பிரித்துக் காட்டும் வசதி அவற்றில் உண்டு. திரையில் ஓடும் செய்திகளைப் படிக்கப் பழகிக்கொண்டால் பிற்பாடு பாதி வேலை குறையும்.

எச்எஃப் ரிக் (குறுஅலையில் அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒன்று, லேப்டாப் ஒன்று, 13.8 வோல்ட் மின்சாரம், ஆன்டெனா. இவ்வளவுதான். ஐகாம் ஐசி-7300 போன்ற ரிக்குகளில் ஒலி அட்டை உள்ளேயே இருப்பதால் ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். யேசு எஃப்டி-891, சியேகு ஜி90 போன்றவற்றுக்கு நடுவில் தனி இன்டர்ஃபேஸ் வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் வைத்திருப்பவர்களும் இதில் தாராளமாக இறங்கலாம்.

2. ஆன்டெனா: முதலில் 20 மீட்டர்

முதல் ஆன்டெனாவாக 20 மீட்டர் பேண்ட் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் நீளும் கம்பி) கட்டச் சொல்வேன். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.074-க்கு அது சுமார் 10.16 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 5.08. நம் ஊர் மொட்டை மாடிகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். 40 மீட்டருக்கு இதன் இரட்டிப்பு வேண்டும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். பிவிசி உறை இருப்பதால் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில்தான் அது ஒத்திசையும். எனவே கணக்கிட்ட நீளத்துக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம்.

கடற்கரை ஊருக்கென்று இரண்டு விஷயங்கள். ஒன்று உப்புக் காற்று. திறந்துவிட்ட பிஎல்-259 இணைப்பு சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் முனையில் ஈரம் ஏறினால் அந்த கேபிளே வீண். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

இரண்டாவது புயல். 2011-ல் தானே, 2020-ல் நிவர், 2024-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைத் தொட்டவை நமக்குத் தெரியும். கம்பியை நிரந்தரமாக முடிச்சுப் போடாமல் கப்பியில் கயிறு விட்டு ஏற்றுங்கள். எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் நாட்களில் ரிக்கிலிருந்து கோஆக்ஸைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். ரிக்கை அணைத்தால் மட்டும் போதாது.

3. இரைச்சலைத் தேடுங்கள்

ஆன்டெனாவைச் செருகியதும் எஸ்-மீட்டர் (ரிக்கில் சிக்னலின் பலத்தைக் காட்டும் அளவி) சிக்னலே இல்லாத இடத்திலும் எஸ்7, எஸ்8 என்று நின்றால், நீங்கள் கேட்பது பேண்டை அல்ல, உங்கள் வீட்டை.

ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி, வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: மலிவு எல்இடி பல்புகள், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர். பெரும்பாலும் ஏதோ ஒன்றிரண்டு பல்புகளை மாற்றுவதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அப்புறம் "நான் கூப்பிட்டால் பதில் வருகிறது போல, ஆனால் எனக்குத் தெரிவதில்லை" என்று தவிப்பார்கள்.

4. கடிகாரம்

எஃப்டி8 உலகம் முழுவதும் 15 விநாடி இடைவெளிகளில் இயங்குகிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் 12.64 விநாடி சிக்னல் ஓடும், மிச்ச நேரத்தில் பிரித்தெடுப்பது நடக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினால்தான் இது நடக்கும். உங்கள் கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் பிசகினால் திரை காலியாகவே இருக்கும், சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும்.

விண்டோஸ் தானாக நேரம் திருத்தும் இடைவெளி இதற்குப் போதாது. மெயின்பெர்க் என்டிபி அல்லது நெட்டைம் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் இணைப்பே போதும். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்தபின் முதலில் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நேர மண்டலத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருங்கள். மென்பொருள் தானே யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிக்கொள்ளும். யூடிசி வேண்டுமே என்று கடிகார முள்ளை ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் பதிவேட்டில் எல்லா நேரமும் தவறாகிவிடும்.

5. ரிக்குக்கும் கணினிக்கும் நடுவில்

மூன்று பாதைகள் வேண்டும்: ரிக்கிலிருந்து கணினிக்கு ஒலி, கணினியிலிருந்து ரிக்குக்கு ஒலி, பிறகு "இப்போது டிரான்ஸ்மிட் செய்" என்று சொல்லும் பிடிடி.

ஒலி அட்டை உள்ளேயே இருக்கும் ரிக் என்றால், கேபிளைச் செருகும் முன் உற்பத்தியாளர் தரும் டிரைவரை நிறுவுங்கள். வரிசை மாறினால் விண்டோஸ் வேறு டிரைவரைப் பிடித்துக்கொண்டு தொல்லை தரலாம். அப்புறம் எப்போதும் அதே யூஎஸ்பி துளையிலேயே செருகுங்கள். துளை மாறினால் காம் போர்ட் எண்ணும் மாறிவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீங்களே கட்டுவதானால் ஒரு சிறிய யூஎஸ்பி ஒலி அட்டை, இரண்டு 600 ஓம் – 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், பிடிடிக்கு 4என்35 ஆப்டோகப்ளர் ஒன்று. உதிரிகள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்றால், கணினியின் கிரவுண்டும் ரிக்கின் கிரவுண்டும் நேராகச் சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் உங்கள் சிக்னலோடு சேர்ந்து வெளியே போகும்.

இன்னொன்று, ஒலி அட்டை தரும் வெளியீடு மைக் துளைக்கு மிக அதிகம். 10 கிலோ ஓம், 100 ஓம் இரண்டையும் வைத்து நூறில் ஒன்றாகக் குறைத்துத்தான் மைக் பக்கம் தர வேண்டும். பின்பக்க டேட்டா துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அங்கே இவ்வளவு குறைக்கத் தேவையிருக்காது. எந்த பின் எதற்கு என்பதை ரிக்கின் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள், இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பிச் சால்டர் வைக்காதீர்கள்.

விண்டோஸ் ஒலி அமைப்பில் நான்கு வேலை. ரிக்கின் ஒலி அட்டையை 16 பிட், 48000 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒலி மேம்பாடு என்று வரும் எல்லாவற்றையும் அணையுங்கள். அந்த அட்டை கணினியின் இயல்பு ஒலிக்கருவியாக இருக்கக் கூடாது. கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் செய்தி வரும் "டிங்" ஒலி 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும். வாக்ஸ் (ஒலி வந்ததும் தானே டிரான்ஸ்மிட் ஆகும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

6. ரிக்கில் மாற்ற வேண்டியவை

ரிக்கின் மோடை அப்பர் சைட்பேண்டில் வையுங்கள், டேட்டா வகை இருந்தால் அதுவே. 40 மீட்டரிலும் அப்படித்தான். பேச்சுக்கு அங்கே லோயர் சைட்பேண்ட் பழகியவர்கள் அதே கையோடு அதை வைத்துவிட்டு, வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரைப் பகுதி) நிறைய கோடுகள் இருந்தும் ஒன்றும் பிரியவில்லையே என்று குழம்புவார்கள்.

ஃபில்டரை 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். இந்த முறையில் ஐம்பது நிலையங்களைக் கூட ஒரே சமயத்தில் கேட்கலாம். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் அவற்றில் பெரும்பங்கு போய்விடும். நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்ஷன், ஸ்பீச் கம்ப்ரஸர் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். இவை காதுக்காகச் செய்யப்பட்டவை, பிரித்தெடுக்கும் கணக்கை இவை கெடுக்கும்.

7. மென்பொருளும் உங்கள் கிரிட்டும்

எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அமைப்புப் பக்கத்தில் முதலில் கால்சைனும் கிரிட்டும் (பூமியைக் கட்டங்களாகப் பிரித்து உங்கள் இடத்தைச் சொல்லும் குறி) தர வேண்டும்.

இங்கே நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. புதுச்சேரி நகரம், கடலூர், நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம் எல்லாம் எம்கே91. ஆனால் 12 டிகிரி அட்சக்கோடு புதுச்சேரிக்குச் சற்று வடக்கே போகிறது. காலாப்பட்டு அதைத் தாண்டிவிட்டதால் எம்கே92. காரைக்கால் எம்கே90. ஏனாம் என்கே16, மாஹே எம்கே71. பக்கத்துத் தெரு நண்பரின் கிரிட்டை எடுத்துப் போடாமல் மொபைல் வரைபடத்தில் உங்கள் வீட்டின் அட்சத்தைப் பாருங்கள். கிரிட் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு தவறான எழுத்தும் தவறான பதிவுதான்.

ரேடியோ பக்கத்தில் ரிக்கின் பெயர், காம் போர்ட், வேகம். ரிக்கின் மெனுவில் இருக்கும் வேகமும் இங்கே தரும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் கேட் பொத்தான் பச்சையானால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. ஸ்ப்ளிட் என்ற இடத்தில் "ரிக்" அல்லது "ஃபேக் இட்" தேர்ந்தெடுங்கள். அப்போது உங்கள் ஒலி எப்போதும் 1500–2000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதன் இரட்டிப்பு ஒலி ஃபில்டருக்கு வெளியே விழுந்து, காற்றில் போகாமல் தடைபடும்.

8. கேட்பது மட்டும்

14.074-க்குத் திருப்பி மானிட்டரை அழுத்துங்கள். இடது ஓரத்தில் இருக்கும் பச்சைப் பட்டை, வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும்போது 30 டெசிபல் பக்கம் நிற்கும்படி ஒலி அளவை வையுங்கள். சிவப்பாக மாறினால் ஒலி மிகுதி.

15 விநாடிக்கு ஒருமுறை வரிகள் குவியும். ஒவ்வொரு வரியிலும் நேரம், சிக்னல் அளவு, டிடி, ஒலி அதிர்வெண், செய்தி. டிடி என்பது அந்த நிலையத்துக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒருவருக்கு மட்டும் 1.5 என்று இருந்தால் அவர் கடிகாரம் தவறு. எல்லோருக்கும் 1.5 என்றால் உங்களுடையதுதான். நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

ஒரு முழு மாலை இப்படிக் கேட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்வேன். பகலில் 15, 10 மீட்டர் பேண்டுகளில் 21.074, 28.074 பாருங்கள். இருட்டிய பிறகு 7.074. அமைப்பில் பிஎஸ்கே ரிப்போர்ட்டருக்கு (யார் யாரைக் கேட்டார்கள் என்று காட்டும் இணையதளம்) தகவல் அனுப்பும் பெட்டியை டிக் செய்துவிட்டால், நீங்கள் கேட்டவை உலக வரைபடத்தில் புள்ளிகளாக விழும். உங்கள் ஆன்டெனா எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

9. டிரான்ஸ்மிட் அளவு

முதல் சோதனை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக விழுங்கும் கருவி). டியூன் பொத்தானை அழுத்தி ரிக்கின் ஏஎல்சி மீட்டரை (உள்ளே வரும் ஒலி மிகுந்து ரிக் அதைக் கட்டுப்படுத்துவதைக் காட்டுவது) பாருங்கள். அது அசைந்தால் ஒலி அதிகம். திரையின் வலப்பக்கப் பவர் ஸ்லைடரை இறக்கிக்கொண்டே வந்து, ஏஎல்சி பூஜ்யத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பேண்ட் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? உங்கள் சிக்னலின் அகலம் 50 ஹெர்ட்ஸ்தான். ஒலி மிகுந்தால் அது இரண்டு பக்கமும் சிதறி, பல நிலையங்களை மூடிவிடும். உங்கள் திரையில் அது தெரியவே தெரியாது. மற்றவர்கள் திரையில்தான் தெரியும்.

திறனையும் குறையுங்கள். பேச்சில் இடைவெளி இருக்கும், இதில் 12.64 விநாடியும் முழுத் திறன் ஓடும். 100 வாட் ரிக் என்றால் 30 வாட் போதும். யூபிட்எக்ஸில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சூடாவதைத் தொட்டுப் பார்க்காமல் தொடர்ந்து கூப்பிடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் மாடி அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டம்மி லோடில் நன்றாக இருந்து, ஆன்டெனாவுக்கு மாற்றியதும் மவுஸ் உறைகிறதா, காம் போர்ட் துண்டிக்கிறதா? ரேடியோ அலை கேபிள் வழியாகக் கணினிக்குள் வருகிறது. யூஎஸ்பி கேபிளின் இரு முனையிலும் 31 வகை ஃபெரைட் மாட்டுங்கள், ஆன்டெனாவின் ஊட்டு முனையில் சோக் போடுங்கள். மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவுவதில் பயனில்லை.

10. முதல் தொடர்பு

முதலில் நீங்கள் சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) போட வேண்டாம். வேறொருவர் போடும் சிக்யூவுக்குப் பதில் கொடுங்கள், -10க்கு மேல் பலமாக வரும் ஒருவருக்கு.

வாட்டர்ஃபாலில் காலியான ஓர் இடத்தை ஷிஃப்ட் அழுத்திக் கிளிக் செய்யுங்கள், சிவப்பு அடைப்பு அங்கே வந்து நிற்கும். "ஹோல்டு டிஎக்ஸ் ஃப்ரீக்" பெட்டியை டிக் செய்யுங்கள். கூப்பிடுகிறவரின் அதிர்வெண்ணிலேயே போய் நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் பேண்ட் முழுவதும் கேட்கிறார், நீங்கள் தனி இடத்தில் நின்றால்தான் தெரிவீர்கள்.

பிறகு அவருடைய சிக்யூ வரியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மிச்சத்தை மென்பொருள் வரிசையாகச் செய்யும்: உங்கள் கிரிட் போகும், அவர் உங்களுக்கு -12 என்பது போல ஓர் அளவு தருவார், நீங்கள் ஆர் சேர்த்து உங்கள் அளவைத் தருவீர்கள், அவர் ஆர்ஆர்73 (கிடைத்தது, வாழ்த்துகள்) அனுப்புவார், நீங்கள் 73 (வாழ்த்துகள்). ஒன்றரை நிமிடம்.

அவர் வேறொருவருக்குப் பதில் கொடுத்துவிட்டால் "எனேபிள் டிஎக்ஸ்" பொத்தானை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நடந்துகொண்டிருக்கும் தொடர்பின் நடுவில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது நாகரிகமில்லை. கணினி தானாக ஓடுகிறதே என்று எழுந்தும் போகாதீர்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது.

11. பதில் வரவில்லையா

சில முறை கூப்பிட்டுவிட்டு பிஎஸ்கே ரிப்போர்ட்டரில் உங்கள் கால்சைனைத் தேடுங்கள். பல நாடுகளில் உங்கள் சிக்னல் கேட்கிறது, ஆனால் உங்கள் திரையில் பதில் இல்லை என்றால் உங்கள் பக்கத்து இரைச்சல்தான் பிரச்சினை: மூன்றாம் படி. நீங்கள் பலரைக் கேட்கிறீர்கள், உங்களை ஒருவரும் கேட்கவில்லை என்றால் டிரான்ஸ்மிட் ஒலி, பிடிடி, ஆன்டெனா என்ற வரிசையில் பாருங்கள்.

சென்னை நண்பரை 20 மீட்டரில் கூப்பிட்டுச் சோதிக்காதீர்கள். 150 கிலோமீட்டர் என்பது அந்த பேண்டில் பொதுவாகத் தாவிப்போகும் தூரம், இரண்டு பேர் கருவியும் சரியாக இருந்தும் கேட்காது. அவரோடு சோதிக்க வேண்டுமானால் பகலில் 40 மீட்டருக்குப் போங்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே என்றால் 20 மீட்டரே நேராகப் போய்ச் சேரும்.

12. பதிவேடு

தொடர்பு முடிந்ததும் வரும் பெட்டியில் ஓகே அழுத்தினால்தான் பதிவாகும். கோப்பு ஏடிஐஎஃப் வடிவில் இருக்கும், வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். நேரமெல்லாம் யூடிசி: நம் விடியற்காலை 5.30-க்குத்தான் அங்கே தேதி மாறும். காலை நாலு மணிக்கு 40 மீட்டரில் செய்த தொடர்பு முந்தைய தேதியில் இருப்பதைப் பார்த்துத் திருத்திவிடாதீர்கள்.

எல்ஓடிடபிள்யூ (தொடர்புகளை இணையத்தில் உறுதிசெய்யும் சேவை) கணக்குக்கு டிக்யூஎஸ்எல் மென்பொருளில் விண்ணப்பித்து, உரிமத்தின் நகலை அனுப்ப வேண்டும். சான்றிதழ் கோப்பு கிடைத்ததும் அதற்கும் ஒரு நகல். லேப்டாப் போனால் இந்தக் கோப்பும் போய்விடும்.

13. இதே இணைப்பில் அடுத்தவை

எஃப்டி8-ல் உரையாட முடியாது. விசைப்பலகையில் தட்டிப் பேச ஆசை வந்தால் ஃபிள்டிஜி மென்பொருளில் பிஎஸ்கே31, 14.070 பக்கம். பலவீனமான சிக்னலிலும் பேச வேண்டுமானால் ஜேஎஸ்8கால், 14.078. இவற்றில் பிஎஸ்கே31-க்குக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் ஏஎல்சி விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். அந்தச் சிக்னலின் உயரமே ஏறி இறங்குவதால், ஒலி சற்று மிகுந்தாலும் சிதறிவிடும்.